பாரம் யார் தலையில்?

மதுரை நகரின் மேற்கே, தேனி சாலையும் பைபாஸ் சாலையும் கூடுகின்ற நாற்சந்திக்குக் காளவாசல் என்று பெயர். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகிற சூளையைக் குறிக்கும் சொல் அது. அவ்விடத்தில் பொதுஜனங்களின் வரிப்பணத்தில் எழுந்த மேம்பாலம் 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாலமும் அதனைச் சேர்ந்த சாலைகளும் எத்தனை காலம் நிலைக்கும் என்பது கட்டிய என்ஜினீயர்கள் கையில் மட்டும் இல்லை. அவற்றின்மீது செல்லும் லாரிகளில் எவ்வளவு பாரம் ஏற்றப்படுகிறது என்பதையும் பொறுத்தது.

பாரத்துக்குச் சட்டம் வரம்பு கட்டாமலில்லை. நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சின்மேல் 10.2 டன்னுக்கு அதிகமாக எடை விழலாகாது என்று 1996-ஆம் ஆண்டு அறிவிப்பு விதித்தது. 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் அதனை 11.5 டன்னாக உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடையும் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாயிற்று.

மொத்த எடை ஒன்று போதாதா, அச்சுக்கு அச்சு கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சாலை மொத்தத்தை அறியாது. தன்மேல் அழுந்தும் சக்கரத்தையே அறியும். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாகாணத்து ஒட்டாவா நகரருகே 1958 முதல் 1960 வரை, பரிசோதனைக்கென்றே சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் ஏற ஏறச் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் பெருகுகிறது என்பதே அதில் கண்ட முடிவு. பாரம் ஒன்றரை மடங்கானால் சேதம் ஐந்து மடங்கு. பாரம் இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு! 2018-இல் சட்டம் தந்த சலுகையில் பாரம் 13 சதவீதமே கூடிற்று. இக்கணக்குப்படி ஒவ்வோர் அச்சும் செய்யும் சேதமோ 60 சதவீதம் கூடுகிறது. இவ்வளவு இடங்கொடுத்த பின்னரும் அதனை மீறி ஏற்றுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

மீறுகிறவருக்குத் தண்டனை சொற்பமன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி அபராதம் 20,000 ரூபாய். மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஆனால் நடுச்சாலையில் அகப்படுகிறவர் யார்? ஸ்டியரிங் பிடித்த டிரைவர்தான். ஏற்றிவிட்ட குவாரிக்காரரும், ஏற்றச் சொன்ன வியாபாரியும் வீட்டில் சுகமாக இருக்கிறார்கள். டிரைவர் மறுத்தால் அந்த லோடு அடுத்த லாரிக்குப் போய்விடும். அவர் குடும்பம் அன்று பட்டினி. சட்டமோ ஓட்டுகிறவரை மட்டும் குறிக்கவில்லை. ஓட்டும்படி செய்கிறவரையும், ஓட்ட விடுகிறவரையும் சேர்த்தே குறிக்கிறது. சட்டத்தில் பாதியை அமல் நடத்திவிட்டு மறு பாதியை உறங்கவிடுவது நீதியாகாது.

வீடு கட்டுகிற நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். மணலையும் ஜல்லியையும் யூனிட் கணக்கில் வாங்குகிறோம். யூனிட் என்பது 100 கன அடி. அது எடையன்று, அளவு. ஒரு யூனிட் மணல் ஏறக்குறைய நாலரை டன் நிற்கும். 18.5 டன் லாரியில் வெற்று வண்டியே ஆறு ஏழு டன் போக, மிஞ்சுவது பதினொன்று, பன்னிரண்டு டன். மூன்று யூனிட் ஏற்றினால் பதின்மூன்றரை டன். வரம்பு அப்போதே தாண்டிவிட்டது. சந்தை கன அடியில் பேசுகிறது, சட்டம் டன்னில் பேசுகிறது. நடுவில் சாலை நொறுங்குகிறது.

அபராதம் வாங்கினால் போதும் என்று நினைப்பதும் பிழையே. பணம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போகலாமென்றால், அபராதம் தண்டனையாகாது, அனுமதிச் சீட்டாகிவிடும். சில மாகாண சர்க்கார்கள் இவ்வாறு பணம் பெற்று வழிவிட்டதை 2005-இல் பரம்ஜித் பாசின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கண்டித்தது. மிகுதியை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம் என்பது சட்டம். இறக்கி வைக்க இடமும் ஆளும் இல்லாத சோதனைச் சாவடியில் அச்சட்டம் எழுத்தோடு நின்றுவிடும்.

ஆகையால் நாம் கோருவது இவ்வளவே. பாரத்தைச் சாலையில் பிடிப்பதைவிட ஏற்றுமிடத்தில் தடுப்பதே மேல். குவாரி வாசலிலும் கிரஷர் வாசலிலும் எடை மேடை இருக்கட்டும். ஒவ்வோர் அச்சின் எடையும் குறித்த சீட்டில்லாமல் வண்டி வெளியேற வேண்டாம். மொத்தம் சரியாயிருந்தும், சரக்கைப் பின்னே குவித்தால் பின்னச்சு வரம்பு மீறும் என்பதை ஏற்றுகிறவர் அறியட்டும். மிகுதி கண்டால் முதல் அபராதம் ஏற்றியவருக்கே விழட்டும். மணலும் ஜல்லியும் டன் கணக்கில் விலையாகட்டும்.

இதனால் வாடகை ஏறும் என்பர். ஏறட்டும். சட்டப்படி ஏற்றுகிற நேர்மையான லாரி உரிமையாளர், மீறுகிறவரோடு போட்டியிட முடியாமல் நொடிந்துபோகும் நிலைமையும் அத்தோடு ஒழியும். மலிவாக வாங்கிய மணலின் மீதி விலையை இன்றும் நாமே கொடுத்து வருகிறோம்: குழி விழுந்த சாலையாக, அதற்குக் கட்டும் வரியாக, பிரேக் பிடிக்காத லாரியின் முன் அகப்பட்ட சைக்கிள்காரரின் உயிராக.