பல்லின மீன்தொட்டியில் சிக்கிளிட் மீன்குஞ்சுகளைப் பராமரித்தல்

(நீருயிரின வளத் தொழினுட்பவியல் – அலங்கார மீன் வளர்ப்பு)

அறிமுகம்

பல இன மீன்கள் ஒன்றாக வளர்க்கப்படும் கண்ணாடித் தொட்டியைப் பல்லின மீன்தொட்டி எனலாம். இவ்வாறான தொட்டி ஒன்றில் ஒரு சோடி ஏஞ்சல் மீன்கள், பத்து டெட்ரா மீன்கள், ஒரு துப்புரவு மீன் ஆகியன வளர்கின்றன எனக் கொள்வோம். ஒரு நாள் மாலை ஏஞ்சல் சோடி அகன்ற இலையொன்றின் மீது வரிசை வரிசையாக முட்டையிடுகின்றது. மறுநாட் காலையில் இலை வெறுமையாக இருக்கின்றது. அடுத்த முறை முட்டைகளுள்ள இலை வேறொரு சிறிய தொட்டிக்கு மாற்றப்படுகின்றது. முட்டைகள் பொரித்துக் குஞ்சுகள் நீந்தவும் தொடங்குகின்றன. அவித்த கோழி முட்டையின் மஞ்சட்கரு தாராளமாக ஊட்டப்படுகின்றது. பன்னிரண்டாம் நாள் குஞ்சுகள் அனைத்தும் இறந்து கிடக்கின்றன.

மாணவர்களே, இவ்விரண்டு இழப்புகளுக்கும் காரணம் ஒன்றல்ல. முதலாவதில் குஞ்சுகளைப் பெறுமுன்னரே பிற மீன்கள் முட்டைகளை உண்டன. இரண்டாவதில் அவற்றைக் கொன்றது நாம் இட்ட உணவாகும். மீன்குஞ்சு வளர்ப்பில் ஓர் ஆபத்திலிருந்து தப்பிக்க நாம் செய்யும் செயலே அடுத்த ஆபத்தை உண்டாக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு பருவத்திலும் குஞ்சுக்கு எதனால் ஆபத்து என்பதை அறிந்து செயற்படுவதே இப்பாடத்தின் அடிப்படையாகும்.

1. சிக்கிளிட் மீன்களின் பெற்றோர் பராமரிப்பு

ஏஞ்சல், டிஸ்கஸ், ஒஸ்கார், திலாப்பியா ஆகியன சிக்கிளிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலங்கைக்கு உரித்தான சிக்கிளிட் இனங்கள் இரண்டு உள்ளன. அவை களப்புகளிலும் நன்னீரிலும் வாழும் எட்ரோபிளஸ் சுரட்டென்சிஸ், அதனிலும் சிறியதான செம்மஞ்சள் குரோமைட் ஆகியனவாகும். உணவுக்காக 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவும் இக்குடும்பத்தையே சேர்ந்தது.

பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டபின் அவற்றைக் கவனிப்பதில்லை. சிக்கிளிட் மீன்களோ முட்டைகளையும் குஞ்சுகளையும் பாதுகாக்கின்றன. இப்பாதுகாப்பு இனத்துக்கு இனம் வேறுபடும்.

(அ) ஏஞ்சல் மீன் இலை, கல், கண்ணாடி போன்ற மேற்பரப்பில் முட்டைகளை ஒட்டி, ஆணும் பெண்ணுமாகக் காவல் செய்யும்.
(ஆ) மொசாம்பிக் திலாப்பியாவின் பெண்மீன் முட்டைகளை வாயினுள் வைத்துப் பொரிக்கச் செய்யும்.
(இ) டிஸ்கஸ் மீனின் குஞ்சுகள் பெற்றோரின் தோலிற் சுரக்கும் சீதத்தை முதலுணவாகக் கொள்ளும். செம்மஞ்சள் குரோமைட்டின் குஞ்சுகளும் பெற்றோரின் உடலிலுள்ள சீதத்தைக் கொத்தி உண்ணும்.

இக்கட்டுரையில் ஏஞ்சல் மீனை உதாரணமாகக் கொள்வோம். இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்று வடிநிலமாகும்.

2. முட்டையிலிருந்து நீந்தும் குஞ்சு வரை

ஏஞ்சல் மீனில் ஆண், பெண் வேறுபாட்டை வெளித்தோற்றத்திற் காண்பது கடினம். எனவே ஆறு அல்லது எட்டு இளம் மீன்களை ஒன்றாக வளர்த்து, அவை தாமாகச் சோடி சேரவிடுவதே வழக்கமாகும். சோடி சேர்ந்தவை ஒரு மேற்பரப்பை வாயினாற் சுத்தம் செய்யும். பெண்மீன் முட்டைகளை இட, ஆண்மீன் அவற்றின்மேல் நீந்தி விந்தை வெளியேற்றும். இது வெளிக் கருக்கட்டலாகும். ஒரு தடவையில் சில நூறு முட்டைகள் வரை இடப்படலாம்.

நீர் வெப்பநிலை 27 - 28 பாகை செல்சியஸாக இருக்கும்போது நிகழும் மாற்றங்கள் பின்வருமாறு:

முதலாம், இரண்டாம் நாட்கள்: பெற்றோர் செட்டைகளால் விசிறி முட்டைகளின் மேல் நீரோட்டத்தை உண்டாக்கும். இதனால் முட்டைகளுக்கு ஒட்சிசன் கிடைக்கும். கருக்கட்டாத முட்டைகள் வெண்ணிறமாகிப் பங்கசு பிடிக்கும். பெற்றோர் அவற்றைப் பொறுக்கி அகற்றும்.

இரண்டாம், மூன்றாம் நாட்கள்: முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகளின் தலையிலுள்ள ஒட்டும் சுரப்பிகளால் அவை இலையில் ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டியபடி இருக்கும். இப்போது அவற்றுக்கு உணவு கருவூண்பையிலிருந்தே கிடைக்கின்றது. வெளியிலிருந்து உணவிடுதல் தேவையற்றது.

ஏழாம், எட்டாம் நாட்கள்: கருவூண் குறைந்து, குஞ்சுகள் சுயாதீனமாக நீந்தத் தொடங்கும். உணவு தேவைப்படுவது இந்நாளிலிருந்தே ஆகும்.

முதன்முறை முட்டையிடும் சோடி தன் முட்டைகளைத் தானே உண்பதுண்டு. அருகில் பிற மீன்கள் அடிக்கடி வந்து தொல்லை தரும்போதும் இது நிகழும். எனவே முதல் இரண்டு, மூன்று முறை தோல்வி ஏற்பட்டால் சோடியைப் பிரித்துவிடலாகாது. எல்லா முட்டைகளும் ஒவ்வொரு முறையும் வெண்ணிறமாகுமாயின், சோடியாகத் தோன்றும் இரண்டும் பெண்மீன்களாக இருக்கக்கூடும்.

3. குஞ்சுகளை எதிர்நோக்கும் மூன்று ஆபத்துகள்

(அ) இரையாதல்

பல்லின மீன்தொட்டியில் முட்டைப் பருவம் தொடக்கம் இருக்கும் ஆபத்து இதுவாகும். பகலில் ஏஞ்சல் சோடி தன் ஆட்சிப் பிரதேசத்தை அண்மிக்கும் மீன்களைத் துரத்தும். ஆனால் அது கண்பார்வையைக் கொண்டே காவல் செய்கின்றது. விளக்கு அணைந்தபின், இரவில் நடமாடும் துப்புரவு மீனும் கெளிற்றினங்களும் இருளில் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்ணும். மாலையிற் கண்ட முட்டைகள் காலையில் இல்லாமற் போவதற்கு இது ஒரு பிரதான காரணமாகும். இரவில் மங்கலான விளக்கொன்றை எரியவிடுதல் பெற்றோருக்கு உதவும்.

மறுபுறம், சோடியின் துரத்தலினாற் பிற மீன்கள் தொட்டியின் மூலைகளில் ஒதுங்கி, காயமடைந்து, உணவின்றி நலிவடையும். குஞ்சுகளின் நலனை மட்டுமன்றி ஏனைய மீன்களின் நலனையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

(ஆ) பட்டினி

நீந்தத் தொடங்கிய குஞ்சின் வாய் மிகச் சிறியது. வளர்ந்த மீன்களுக்கு இடும் உணவுத் துணிக்கைகளை அதனால் விழுங்க முடியாது. தொட்டி நிறைய உணவு கிடந்தாலும் குஞ்சு பட்டினியால் இறக்கலாம். வயிறு உட்குழிந்து, உடல் மெலிந்து, நாளொன்றுக்குச் சிலவாக இறப்பது பட்டினியின் அறிகுறியாகும்.

(இ) அமோனியா

மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவு அழுகுவதிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. வடிகட்டியில் வாழும் பற்றீரியாக்கள் இதனை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அமோனியாவும் நைத்திரைற்றும் மீன்களுக்கு நஞ்சாகும். நைத்திரேற்று ஒப்பீட்டளவிற் தீங்கு குறைந்தது.

புதிய தொட்டியில், புதிய வடிகட்டியில் இப்பற்றீரியாக்கள் போதியளவு இருப்பதில்லை. அவை பெருகச் சில வாரங்கள் செல்லும். அறிமுகத்திற் கூறிய இரண்டாவது இழப்புக்குக் காரணம் இதுவே. மஞ்சட்கரு விரைவில் அழுகி அமோனியாவை உண்டாக்கியது. அதனை மாற்றப் பற்றீரியாக்கள் இருக்கவில்லை. வயிறு நிறைந்த குஞ்சுகள் நீர்மேற்பரப்பில் வாயைத் திறந்து சுவாசிக்கத் தவித்து, ஒரே நாளிற் பெருந்தொகையாக இறப்பது நஞ்சாதலின் அறிகுறியாகும்.

நீரின் பி.எச். பெறுமானம் உயரும்போது அமோனியாவின் நச்சுத்தன்மையும் உயரும். பி.எச். 7 இலிருந்து 8 ஆக உயரும்போது, நீரிலுள்ள மொத்த அமோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ ஒன்பது மடங்காகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் படையிலிருந்து பெறப்படும் கிணற்றுநீர் வன்மையானதும் காரத்தன்மை உடையதுமாகும். அங்கு மீன்குஞ்சு வளர்ப்போர் இவ்விடயத்தில் கூடுதற் கவனம் செலுத்துதல் வேண்டும். அவ்வாறான நீருடன் சுத்தமான மழைநீரைக் கலந்து வன்மையைக் குறைக்கலாம்.

4. குஞ்சுகளைப் பாதுகாக்கும் முறைகள்

முறை 1 – பெற்றோருடன் அதே தொட்டியில் விடுதல்: செலவில்லை; பெற்றோர் பராமரிப்பை அவதானிக்கலாம். ஆனால் தப்பும் குஞ்சுகள் மிகச் சிலவே.

முறை 2 – தொட்டியைப் பிரித்தல்: கண்ணாடித் தகட்டினால் அல்லது நுண்ணிய வலையினால் தொட்டியின் ஒரு பகுதியைச் சோடிக்கு ஒதுக்குதல். பிற மீன்கள் காயமடைவது தடுக்கப்படும். குஞ்சுகள் வலைக்கண்ணூடாகச் செல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

முறை 3 – முட்டைகளை வேறாக்குதல்: முட்டைகளுள்ள இலையை அல்லது கல்லை அதே தொட்டியின் நீர் நிரப்பிய சிறு தொட்டிக்கு மாற்றுதல். முட்டைகளின் அருகே வளிக்கல்லிலிருந்து மெல்லிய குமிழிகள் எழச்செய்ய வேண்டும். பெற்றோரின் விசிறலை இது ஈடுசெய்யும். குமிழிகள் முட்டைகளில் நேரே படலாகாது. பங்கசைக் கட்டுப்படுத்தச் சிறிதளவு மெதிலீன் நீலம் இடலாம். அதிக எண்ணிக்கையான குஞ்சுகளைப் பெற இம்முறையே ஏற்றது.

மூன்றாம் முறையைக் கையாள்வோர், முட்டையிடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே பல்லின மீன்தொட்டியினுள் மேலதிகமான பஞ்சு வடிகட்டி ஒன்றை இயங்கவிடுதல் வேண்டும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்போது பற்றீரியாக்கள் நிறைந்த அவ்வடிகட்டியைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றலாம். பஞ்சைக் கழுவும்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரையே பயன்படுத்துக. குளோரின் கலந்த குழாய்நீர் பற்றீரியாக்களைக் கொன்றுவிடும். மெதிலீன் நீலமும் அவற்றைப் பாதிப்பதால், நீரின் நீலநிறத்தைப் பகுதி பகுதியாக நீர்மாற்றி அகற்றிய பின்னரே வடிகட்டியை இடுதல் வேண்டும்.

5. உணவூட்டல்

ஏஞ்சல் குஞ்சுகளுக்கு மிகப் பொருத்தமான முதலுணவு புதிதாகப் பொரித்த ஆட்டீமியாக் குடம்பிகளாகும். அவற்றைப் பெறும் முறை:

- ஒரு லீற்றர் நீரில் 25 - 30 கிராம் அயடீன் சேர்க்காத உப்பைக் கரைக்குக.
- சிறிதளவு ஆட்டீமியா முட்டைகளை இட்டு, வெளிச்சத்தில் வைத்து, தொடர்ந்து வளியூட்டுக.
- 28 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 24 மணித்தியாலங்களிற் குடம்பிகள் வெளிவரும்.
- வளியூட்டலை நிறுத்திப் பத்து நிமிடங்கள் விடுக. வெற்றுக் கோதுகள் மேலே மிதக்கும். குடம்பிகளைக் கீழிருந்து மெல்லிய குழாயினால் எடுக்குக.
- நுண்துணியில் வடித்து, நன்னீரிற் கழுவிய பின்னரே இடுக.

நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து தடவைகள் சிறிது சிறிதாக உணவிட வேண்டும். உணவு உண்ட குஞ்சின் வயிறு செம்மஞ்சள் நிறமாகத் தெரியும். நன்னீரில் ஆட்டீமியாக் குடம்பிகள் சில மணித்தியாலங்களில் இறந்துவிடும். ஆதலால் மிஞ்சுமளவு இடலாகாது. மஞ்சட்கருவைப் பயன்படுத்த நேரிட்டால், துணியில் வடித்து ஓரிரு துளிகள் மட்டும் இட்டு, மிஞ்சியதை உடன் அகற்றுக.

6. நீர் மாற்றம்

குஞ்சுகளுக்கு நாளாந்தம் சிறிதளவு நீர் மாற்றுவது, வாரத்திற்கொரு முறை பெருமளவு மாற்றுவதிலும் பாதுகாப்பானது. மாற்றும் நீர் அதே வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். குழாய்நீராயின் 24 மணித்தியாலங்கள் வளியூட்டிக் குளோரினை அகற்றுக. அல்லது சோடியம் தயோசல்பேற்று இடுக. நீரை உறிஞ்சும் குழாயின் வாயைத் துணியால் மூடினாற் குஞ்சுகள் வெளியேறமாட்டா.

உதாரணக் கணிப்பு: தொட்டியின் நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., நீரின் ஆழம் 25 செ.மீ. ஆகும்.
நீரின் கனவளவு = 60 × 30 × 25 = 45,000 கன செ.மீ. = 45 லீற்றர்.
நாளாந்தம் 20 சதவீதம் மாற்றுவதாயின், மாற்றவேண்டிய நீர் = 9 லீற்றர்.

7. மீண்டும் பல்லின மீன்தொட்டிக்கு

அத்தொட்டியிலுள்ள மிகப் பெரிய வாய்க்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்த பின்னரே குஞ்சுகளை அங்கு விடலாம். நன்கு ஊட்டப்பட்ட குஞ்சுகள் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மாதங்களில் நாணயமொன்றின் அளவை அடையும்.

ஒரு சோடியிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கிடைத்தால் அனைத்தையும் வளர்க்க இடம் போதாது. மேலதிகக் குஞ்சுகளைப் பிற வளர்ப்போருக்கு அல்லது விற்பனையாளருக்குக் கொடுக்கலாம். குளத்திலோ ஆற்றிலோ ஒருபோதும் விடலாகாது. அலங்கார மீன்களாகக் கொண்டுவரப்பட்ட கத்தி மீனும் துப்புரவு மீனும் இன்று இலங்கையின் நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு இனங்களாகக் காணப்படுகின்றன. வளர்க்க இடமில்லையெனின் அடுத்த முறை முட்டைகளைப் பொரிக்கவிடாது அகற்றுதலே பொறுப்பான செயலாகும்.

மாதிரி வினா

மாணவன் ஒருவன் 60 ஏஞ்சல் குஞ்சுகளைப் புதிய தொட்டியொன்றில் வளர்த்தான். நீந்தத் தொடங்கி நான்காம் நாள், வயிறு நிறைந்த நிலையில் 50 குஞ்சுகள் ஒன்றாக இறந்தன. நீரின் பி.எச். பெறுமானம் 8 ஆகும்.

(i) இறப்புக்கான காரணம் யாது?
(ii) அது பட்டினி அன்று என்பதற்கு இரு சான்றுகள் தருக.
(iii) மீதமுள்ள 10 குஞ்சுகளைக் காப்பாற்ற உடனடியாகச் செய்யவேண்டிய இரண்டினைக் குறிப்பிடுக.

விடைக் குறிப்பு

(i) அமோனியா நஞ்சாதல். புதிய தொட்டியிற் பற்றீரியாக்கள் போதாமையும் உயர்ந்த பி.எச். பெறுமானமும் இதற்கு ஏதுவாயின.
(ii) வயிறு நிறைந்திருந்தமை. ஒரே நேரத்திற் பெருந்தொகையாக இறந்தமை.
(iii) இறந்த குஞ்சுகளையும் மிஞ்சிய உணவையும் அகற்றி, தயார்செய்த நீரினால் ஒரு பகுதி நீரை மாற்றுதல். ஏற்கெனவே இயங்கும் தொட்டியிலிருந்து பஞ்சு வடிகட்டியைக் கொண்டுவந்து இடுதல்.

கவனிக்க: "நீர் அழுக்கானது" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையடையாது. தெளிவாகத் தோன்றும் நீரிலும் அமோனியா இருக்கலாம். காரணத்தையும் அதற்கான அறிகுறியையும் சேர்த்து எழுதப் பழகுக.