தோலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு

மும்பை நகரில் தாராவி இருக்கிறது. அங்கே தோல் பை, பெல்ட், பர்ஸ் தைக்கிறார்கள். முன்பு தோல் பதனிடும் பட்டறைகளும் அங்கே நிறைய இருந்தன. திருநெல்வேலிப் பக்கமிருந்து போன தமிழர்கள் பலர் அந்தத் தொழிலைச் செய்தார்கள்.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகி நாறும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் போட்டு எடுத்தால் அழுகாது. பல வருடம் உழைக்கும். காரணம் என்ன?

தோலில் ஒரு புரதம் இருக்கிறது. அதன் பெயர் கொலாஜன். பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து அதை இறுகப் பிடித்துக் கொள்கிறது. பிறகு கிருமிகளால் அதை எளிதில் அரிக்க முடியாது.

மாட்டுத் தோலில் மட்டும்தானா? இல்லை. நம் தோல், எலும்பு, பல் ஈறு எல்லாவற்றிலும் கொலாஜன் இருக்கிறது. நம் உடலில் மிக அதிகமாக உள்ள புரதம் இதுதான்.

இதைச் செய்வது உயிரணு. அதைச் செல் என்றும் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. நாம் உண்ணும் பருப்பு, மீன், முட்டையில் புரதம் உண்டு. அது வயிற்றிலும் குடலிலும் சின்னச் சின்ன மணிகளாகப் பிரிகிறது. இரத்தம் அந்த மணிகளை உயிரணுவுக்குக் கொண்டு போகிறது. உயிரணு அவற்றைப் பூ கட்டுவது போல வரிசையாகக் கோத்துப் புதுப் புரதம் செய்கிறது. பல புரதங்கள் உயிரணுவுக்குள்ளேயே வேலை பார்க்கும். கொலாஜன் வெளியே வந்து உயிரணுக்களைத் தாங்கி நிற்கும்.

இதன் வடிவம் வெகுநாள் புதிராக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தாவும் அதை ஆராய்ந்தார்கள். கங்காருவின் வாலில் உள்ள தசைநாணை எக்ஸ்ரே கதிரில் வைத்துப் பார்த்தார்கள். கங்காரு எங்கே, சென்னை எங்கே! கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954-இல் எழுதினார்கள். மூன்றும் கயிறு போல ஒன்றோடொன்று முறுக்கியுள்ளன என்று 1955-இல் இன்னும் சரியாகச் சொன்னார்கள். இழையில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் மிகச் சிறியது. அதனால்தான் முறுக்கு நெருக்கமாக விழுகிறது.

இந்தக் கயிறு உறுதியாக இருக்க வைட்டமின் சி வேண்டும். நம் உடல் அதைத் தானே செய்துகொள்ளாது. சில மாதங்கள் அது கிடைக்காவிட்டால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். கத்தி பட்ட காயம் ஆறாது. ஈறில் இரத்தம் வர வேறு காரணங்களும் உண்டு. மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

பெரிய நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் வைட்டமின் சி மிகுதி. எலுமிச்சையிலும் உண்டு. சாற்றை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் சத்துக் குறைந்துவிடும். இறக்கி ஆறிய பிறகு பிழிந்துகொள்ளலாம்.