வேலிக்குள் நாயைக் காப்போம்

நன்றியுள்ள நாய் நம் இல்லத்திற்குக் காவலாகும். ஆயினும், அது வேலியைக் கடந்து சாலைக்கு வந்தால் வாகனத்தில் அடிபடலாம். பள்ளி செல்லும் சிறுவரைக் கடிக்கவும் கூடும். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017ஆம் ஆண்டில் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தோன்றியதை நாம் மறத்தலாகாது.

நாய் ஏன் ஓடுகிறது? தனிமை, துணை தேடும் இயல்பு, தீபாவளி வெடியோசையால் எழும் அச்சம் ஆகியவை முக்கிய காரணங்களாம்.

மண்ணைத் தோண்டும் நாயாயின், வேலியின் அடியில் கம்பிவலையை ஓரடி ஆழம் புதைத்து, அதன் கீழ்முனையை உட்புறமாக வளைத்தல் வேண்டும். தாவும் நாயாயின், வேலியை ஆறடி உயர்த்தி, அதன் அருகிலுள்ள பீப்பாய், விறகுக்கட்டு முதலியவற்றை அகற்றுதல் வேண்டும். வாயிற்கதவைத் தாழிடும் பழக்கம் பிள்ளைகளுக்கும் தேவை.

வேலி மட்டும் போதாது. நாள் முழுதும் சங்கிலியில் கட்டி வைக்காமல், காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து உலாவச் செய்வோம். கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்வித்தால் அலையும் இயல்பு குறையும். வெடி கொளுத்தும் இரவில் வீட்டினுள் வைத்திருப்போம்.

வளர்க்கும் உயிரைக் காப்பதும், அதனால் பிறர்க்குத் தீங்கு நேராமல் பார்ப்பதும் நம் கடமையன்றோ!