கருவுற்ற தாயும் ஹெப்பாடைடிஸ் பி நோயும்

மஞ்சள் காமாலை என்றதும் நம் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது கீழாநெல்லி. கண் மஞ்சளானால் நோய், மஞ்சள் தெளிந்தால் குணம் என்பது சிரம்பான் லோபாக் வட்டாரத் தோட்டப்புற மக்களிடமும் பழகிப்போன கணக்கு. ஹெப்பாடைடிஸ் பி எனும் கல்லீரல் அழற்சி நோய் இந்தக் கணக்கில் அடங்காது. கண்ணில் மஞ்சள் தெரியாமலேயே ஒரு பெண் பல ஆண்டுகள் இக்கிருமியைச் சுமந்திருக்கலாம். இரத்தப் பரிசோதனை ஒன்றே அதைக் காட்டும்.

இக்கிருமி இரத்தத்தின் வழியும் உடலுறவின் வழியும் பரவுகிறது. கிருமி நீக்காத ஊசி, பச்சை குத்துதல், பிறருடைய சவரக்கத்தி, பரிசோதிக்காத இரத்தம், நோயுள்ள கணவர் ஆகியவை கருவுற்ற பெண்ணுக்கு ஆபத்தானவை. அவருடைய தாய்க்கே நோய் இருந்திருந்தால், பிறப்பிலேயே தொற்றியிருக்கவும் கூடும். ஒரே தட்டில் உண்பதாலோ கட்டியணைப்பதாலோ இது பரவாது. ஆகவே, நோயுள்ள பெண்ணை ஒதுக்கி வைப்பது அறியாமையாகும்.

குழந்தைக்குப் பெரும்பாலும் பிரசவத்தின்போதே தொற்றுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐவருக்கும் குறைவானோருக்கே நோய் நிலைக்கும். பிறப்பில் தொற்றினாலோ ஏறத்தாழ 90 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு நிலைத்துவிடும். அதுவே பின்னாளில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ மாறக்கூடும்.

கீழாநெல்லியைப் பற்றி சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் 'லான்செட்' இதழில் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகள் அவற்றை உறுதிப்படுத்தவில்லை. குழந்தையைக் காப்பது தடுப்பூசியே. பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போட வேண்டும். தாய்க்கு நோய் இருப்பது தெரிந்தால், எதிர்ப்புப் புரத ஊசியும் குழந்தைக்குச் சேர்த்துப் போடப்படும். கிருமியின் அளவு மிகுந்த தாய்க்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் டெனோஃபோவிர் மாத்திரை தரப்படுகிறது. தடுப்பூசி போட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

மலேசியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தடுப்பூசி போடும் திட்டம் 1989-இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து மணமாகி வந்தவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போயிருக்கலாம். நம் அக்காமாரும் அண்ணிமாரும் கருவுற்றால், முதல் முறை கிளினிக்கிற்குச் செல்லும்போதே இப்பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளும்படி சொல்வோம். படித்த பிள்ளைகள் சொன்னால் வீட்டில் கேட்பார்கள்.