கார் கத்தினால் காது கொடுங்கள்!

"ஏம்மா, வண்டிக்குள்ள எலி கிலி பூந்துடுச்சா? கீச்சு கீச்சுன்னு கத்துதே!" என்றார் என் மாமியார். அன்றைக்கே காது கொடுத்துக் கேட்டிருந்தால், பின்னால் பாபநாசம் ரோட்டில் அவரை வெயிலில் உட்கார வைத்திருக்க மாட்டேன்.

எங்களுடையது 2012-ல் வாங்கிய மாருதி 800. ஏ.ஸி. இல்லாத சாதா வண்டி. மழை நாளில் காலையில் ஸ்டார்ட் செய்தால் 'க்ரீ...ச்' என்று தெருவையே எழுப்பும். ஐந்து நிமிஷத்தில் தானாக அடங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர், "கிணத்து ராட்டினம் மாதிரிதாங்க. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாச் சரியாயிடும்" என்றார். விட்டேன். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் இரட்டிப்பாகக் கத்தியது!

அப்புறம் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பெல்ட்டை நன்றாக இழுத்து முறுக்கிவிட்டார். கீச்சு நின்றது. சில வாரம் கழித்து 'உர்ர்...' என்று ஓர் உறுமல். கீச்சு போயிற்றே என்ற சந்தோஷத்தில் அதை நான் சட்டை செய்யவில்லை.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு, மாமியாரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போன அன்று வினை வந்தது. பாபநாசம் தாண்டுவதற்குள் ரப்பர் கருகும் நாற்றம். எதிரே பாட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. சூடு காட்டும் முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நல்லவேளை, உடனே ஓரம் கட்டி என்ஜினை அணைத்தேன்.

அங்கே வந்து உதவிய வயதான மெக்கானிக்தான் எனக்குப் பாடம் சொன்னவர். "பெல்ட் மேல தப்பில்லம்மா. ரொம்ப இறுக்கிட்டாங்க. அதான் ஆல்டர்னேட்டர் பேரிங் போயிடுச்சு" என்றார்.

பெல்ட் என்ன வேலை செய்கிறது?

நமக்குத் தெரியாத சாமானா? தையல் மிஷினிலும் பழைய கிரைண்டரிலும் இருப்பதுதான். உளுந்து கெட்டியாகிவிட்டால் கிரைண்டர் பெல்ட் வழுக்குமே, அதே கதை. எங்கள் வண்டியில் ஒரே பெல்ட், மூன்று புல்லிகள். என்ஜினின் புல்லி சுற்ற, பெல்ட் அந்தச் சுழற்சியை இரண்டு இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஒன்று, பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். மற்றது, என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப். இதை 'ஃபேன் பெல்ட்' என்றே சொல்கிறோம். ஆனால் இந்த வண்டியில் ஃபேன் தனி மோட்டாரில் ஓடுகிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பாட்டரியில் குறைந்த சார்ஜை ஏற்ற ஆல்டர்னேட்டர் அதிகமாக உழைக்கிறது. பாரம் கூடுகிறது. பெல்ட் தொளதொளவென்று இருந்தால் வழுக்கிக் கத்துகிறது. சார்ஜ் ஏறியதும் பாரம் குறைந்து அடங்குகிறது. சத்தம் அடங்கியது என்பதால் கோளாறு தீர்ந்தது என்று அர்த்தமில்லை.

மூன்று சத்தம், மூன்று கோளாறு

1. 'க்ரீ...ச்' என்ற நீள அலறல்: ஸ்டார்ட் செய்யும்போதும், ஹெட்லைட் போடும்போதும், ஏ.ஸி. உள்ள வண்டியில் அதைப் போடும்போதும் வரும். பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது பக்கங்கள் தேய்ந்து கண்ணாடியாகப் பளபளக்கும்.

2. 'கிச்... கிச்... கிச்' என்று தாளம் தவறாத சத்தம்: பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை, அல்லது புல்லியின் பள்ளத்தில் அழுக்கு.

3. 'உர்ர்' என்ற உறுமல், மணல் அரைபடுகிற சத்தம்: பேரிங் போகிறது. இதைத் தள்ளிப் போடவே கூடாது.

கண்டுபிடிப்பது எப்படி?

என்ஜின் ஓடும்போது, அனுபவப்பட்டவர் பெல்ட்டின் உள்பக்கத்தில் எட்ட நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். சத்தம் நின்று சற்று நேரத்தில் திரும்பி வந்தால், புல்லி கோணல். சத்தம் கூடினால், பெல்ட் தளர்ச்சி. எந்த மாற்றமும் இல்லை என்றால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

பாபநாசத்து மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினார். வாட்டர் பம்ப் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆட்டிப் பார்த்தாலும் ஆடவில்லை. ஆல்டர்னேட்டரோ 'கரகர'வென்று முரண்டு பிடித்தது. வாட்டர் பம்ப் ஆடினாலோ, அதிலிருந்து தண்ணீர் கசிந்தாலோ அதையும் மாற்ற வேண்டுமாம்.

நாம் செய்யக்கூடியது, என்ஜின் அணைந்து ஆறிய பிறகு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பெல்ட்டைப் பார்ப்பது. வெடிப்பு, நூல் பிரிதல், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மாற்ற வேண்டியதுதான். எங்கள் வண்டி போன்றவற்றில் இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். புது வண்டிகள் பலவற்றில் வரி வரியான ஒரே நீள பெல்ட்டும், அதைத் தானே இறுக்கும் ஸ்பிரிங் வைத்த டென்ஷனரும் இருக்கும். அதற்கு இந்த விரல் கணக்கு பொருந்தாது.

செய்யக் கூடாதவை

* எண்ணெய், கிரீஸ், சோப்பு, பவுடர் எதுவும் பெல்ட்டில் போடாதீர்கள். கிணற்று ராட்டினம் வேறு, இது வேறு. பெல்ட் பிடித்து ஓட வேண்டுமே தவிர வழுக்கக் கூடாது.

* சத்தம் போகட்டும் என்று அளவுக்கு மீறி இறுக்க விடாதீர்கள்.

* என்ஜின் ஓடும்போது பக்கத்தில் போகாதீர்கள். முந்தானை, பின்னல், துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எல்லாம் ஆபத்து. சில வண்டிகளில் என்ஜின் அணைந்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும்.

* பாட்டரி விளக்கும் எரிந்து, சூட்டு முள்ளும் ஏறினால் "வீடு பக்கம்தானே" என்று ஓட்டாதீர்கள். சூட்டில் என்ஜினே பழுதாகிவிடும். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள்.

அன்று பேரிங்கும் ஒரு புது பெல்ட்டும் மட்டும் மாற்றினோம். ஆல்டர்னேட்டர் தப்பியது. புது பெல்ட் சற்று இழுபடும் என்பதால், சில நாள் கழித்துத் திரும்பவும் இறுக்கம் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

கண் பரிசோதனை மறு வாரத்துக்குத் தள்ளிப் போனது. கோபிப்பார் என்று பயந்தேன். மாமியாரோ, "நான் சொன்னப்பவே பார்த்திருக்கலாமில்ல?" என்று மட்டும்தான் கேட்டார். இப்போதெல்லாம் ஸ்டார்ட் செய்ததும் ரேடியோவைப் போடுவதில்லை. ஒரு நிமிஷம் வண்டியின் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கிளப்புகிறேன்.