மனசு சரியில்லைன்னா யாருகிட்ட போறது?

சகோதரிகளே, போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "காய்ச்சல்னா நர்சம்மா வீட்டுக்கே வர்றாங்க. மனசு சரியில்லைன்னா யாரு வர்றா?" நியாயமான கோபம்தான்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். சங்கிலியால் கட்டவே கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம். அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சையும் நம் உரிமை. சட்டம் வந்த வேகத்தில் பணமும் டாக்டரும் வரவில்லை. இன்னும் பஸ் ஏறி மாவட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம்.

ராத்திரியில் ஒருத்தர் "சாகப் போறேன்"னு சொன்னால் திட்டாதீங்க, தனியே விடாதீங்க. பூச்சிமருந்தை அப்புறப்படுத்திவிட்டு 14416-க்குப் போன் போடுங்க. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். குடித்தே விட்டால் உடனே 108.

டாக்டர் வேணும்னு கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். வாயால் சொன்னது நோட்டில் ஏறாது.