காயானி ஊர்ப் பொதுக் கணக்குப்பிள்ளை

இடைவெளி இல்லை, புள்ளி இல்லை, கமா இல்லை. 39 கோடி எழுத்துக்களை உங்கள் கையில் கொடுத்து, "இதில் வாக்கியங்கள் எங்கே இருக்கின்றன, சொல்லுங்கள்" என்றால் என்ன செய்வீர்கள்? ஏட்டுச் சுவடி படித்துப் பழகியவர்கள் கூடக் கொஞ்சம் திணறித்தான் போவார்கள். இந்தச் சுவடியில் எழுத்துக்களே மொத்தம் நான்குதான்!

பின்லாந்து தேசத்து ஓலாந்துத் தீவுகளில் பறக்கும் ஒரு சின்னப் பட்டாம்பூச்சியின் உடலுக்குள் இருக்கிற சுவடி அது. 2014-ல் விஞ்ஞானிகள் அதைப் படித்து வெளியிட்டார்கள். எழுத்தைப் படித்தால் போதுமா? அதில் ஜீன் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டாமா?

'ஏ, டி, ஜி' என்று வந்தால் தொடக்கமாக இருக்கலாம். 'டி, ஏ, ஏ' என்று வந்தால் முடிவாக இருக்கலாம். நடுவே வெட்டி எறிய வேண்டிய பகுதிகளும் இருக்கலாம். இத்தனை 'லாம்' போடுவதற்காக என்னைக் கோபிக்காதீர்கள். இந்த வித்தையே ஊகம்தான். அட்லாண்டாவில் பிறந்த ஜீன்மார்க், ஜெர்மனியில் பிறந்த அகஸ்டஸ் ஆகிய இரண்டு புரொகிராம்களும் அந்தந்த உயிரின் எழுத்துப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு ஊகிக்கின்றன. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டியது, 2016-ல் வந்த பிரேக்கர்.

ஆனால் இவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டுவது பெரும்பாடு. ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று, அதற்குத் துணையாக வேறொன்று என்று கல்யாண வீட்டு விருந்தாளிகள் மாதிரி வந்துகொண்டே இருக்கும். வசதியுள்ள ஆராய்ச்சிக் கூடம் சமாளிக்கும். ஏழை மாணவர் என்ன செய்வார்?

பின்லாந்தில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். அரசாங்கமும் கல்லூரிகளும் சேர்ந்து நடத்தும் சி.எஸ்.ஸி. என்ற ஸ்தாபனத்தின் பெரிய யந்திரங்கள் காயானி என்ற ஊரில் இருக்கின்றன. 2008-ல் மூடப்பட்ட காகித ஆலையின் வளாகம் அது. அங்குள்ள லூமி யந்திரத்தின் சூடு ஊருக்குள் வீடுகளுக்குப் போகிறது. லூமி என்றால் பனி என்று அர்த்தம், வேடிக்கையைப் பாருங்கள்!

இப்படிப்பட்ட பொது யந்திரத்தில் புரொகிராமை ஒரு முறை ஏற்றினால் எல்லோருக்கும் ஆயிற்று. மாணவர் தம் கல்லூரிக் கணக்கைக் கொண்டு நுழைந்து, ஒரு திட்டத்தில் சேர்ந்து, வேலைச் சீட்டை வரிசையில் வைக்க வேண்டும். வாசல் யந்திரத்திலேயே பெரிய கணக்கை ஓட்டுவது, நடைபாதையில் அடுப்பு மூட்டுவது போல. எல்லோருக்கும் இடைஞ்சல்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அகஸ்டஸ் புதிதாகக் கற்றதை எழுதி வைக்க ஒரு கோப்புறை தேடும். பொதுக் கோப்புறையில் யாரும் கை வைக்க முடியாது. பல பேர் சொத்தல்லவா? ஆகவே அதைத் தம் இடத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்த விலாசத்தைப் புரொகிராமுக்குச் சொல்லிவிட வேண்டும். ஜீன்மார்க்குக்கு நெடுங்காலம் ஒவ்வொருவரும் தனித்தனியே சாவிக் கோப்பும் வாங்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் தாண்டியவர் அவசரத்தில் மனிதனின் பழக்கத்தைப் பட்டாம்பூச்சிக்குக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். யந்திரம் கொஞ்சமும் கூசாமல் ஆயிரக்கணக்கான ஜீன்களைப் பட்டியல் போட்டுத் தரும். அதில் ஒன்றை நம்பி இரண்டு வருஷம் சோதனை செய்தால் படிப்பே பாழ். ஜீன் உடலில் உண்மையாக வேலை செய்ததற்கு ஆர்.என்.ஏ. சாட்சி சொல்லும். பட்டியல் வந்ததும், பத்து ஜீன்களையாவது அந்தச் சாட்சியின் பக்கத்தில் வைத்து, கண்ணால் பார்த்துவிட வேண்டும். வரிசையில் நிற்காமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான்.